பொய்ப்பெயர்களும் மெய்ப்பதிவேடுகளும்

விக்டோரியக் காலப் புதினங்களைக் கல்லூரிகளில் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கும் அவற்றைப் பயிலும் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



மேரி எலிசபெத் பிராடன் 1862-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘லேடி ஆட்லியின் இரகசியம்’ பாடமாக வரும் இடங்களில், அதன் நாயகி மனநோயாளியா, தெரிந்தே ஏய்த்தவளா என்னும் ஒரே வினாவைச் சுற்றி விவாதம் நடப்பதும், மாணவர்கள் இரண்டில் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு கட்டுரையை முடித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. அந்த வினாவை ஒதுக்கிவைத்துவிட்டு, அவள் எந்த ஆவணத்தில் கை வைத்தாள், யாருடைய பெயரை எடுத்துக்கொண்டாள், அதே காரியத்தைச் சட்டத்தின் துணையோடு செய்யும் வசதி அக்காலத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்குமாறு வேண்டிக்கொள்ளவே இம்மடல் எழுதப்படுகிறது. அப்படிக் கேட்டால் 1860-களின் ஏமாற்றுக்காரப் பெண் பாத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாகத் தோன்றுவது நின்று, ஒவ்வொருத்தியும் தனக்கென ஒரு கணக்கோடும் தனக்கென ஒரு தவறோடும் எழுந்து வருவாள்.

பரபரப்புப் புதினம் என்று இங்கே சொல்லப்படுவது, ஏறத்தாழ 1860 தொடங்கிப் பத்தாண்டுகள் இங்கிலாந்தில் ஓங்கியிருந்த ஒரு கதைவகையாகும். பழைய திகில் கதைகள் இத்தாலியக் கோட்டைகளிலும் பாழடைந்த மடங்களிலும் வைத்திருந்த குற்றத்தை, இரயில் நேர அட்டவணையும் தந்தியும் காலை நாளிதழும் புழங்கும் நடுத்தர, மேல்தட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்து வைத்ததே அதன் புதுமை. வில்கி காலின்ஸ், பிராடன், திருமதி ஹென்றி வுட் என்று அறியப்பட்ட எலன் வுட் ஆகியோர் இவ்வகையின் முன்னணி எழுத்தாளர்கள். நீதிமன்றச் செய்திகளும் இதற்கு உரமிட்டன: காதலனுக்கு நஞ்சு கொடுத்ததாக 1857-இல் ஸ்காட்லாந்தில் வழக்கைச் சந்தித்துக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் தீர்ப்போடு வெளிவந்த மேடலின் ஸ்மித்தின் கதையையும், தம்மை இரகசியமாக மணந்த இராணுவ அதிகாரி அத்திருமணத்தையே மறுத்துவிட்டதாகத் தெரசா லாங்வொர்த் வழக்காடிய கதையையும் நாளிதழில் படித்திருந்தவர்களே இப்புதினங்களின் முதல் வாசகர்கள்.

விமரிசகர்களுக்கு இவ்வகை எரிச்சலூட்டியது. தத்துவ அறிஞரும் திருச்சபைக் குருவுமான ஹென்றி மான்சல், 1863-இல் ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், இப்புதினங்கள் அறிவை விட்டுவிட்டு நரம்புகளோடு பேசுகின்றன என்று குறை கூறினார். ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் தொடர்ந்து எழுதிய மார்கரெட் ஆலிஃபண்ட், தாமும் ஒரு நாவலாசிரியராக இருந்தும், இக்கதைகளின் பெண்கள் ஆங்கிலப் பெண்மைக்கு இழுக்குத் தேடுகின்றனர் என்று வருந்தினார். இவ்விருவரும் தம் காலத்துக்கு நேர்மையாகவே எழுதினர். ஆயினும், ஒரு பெண் பாத்திரம் பொய் சொன்னால் அது பெண்ணினத்தின் இயல்பு பற்றிய சான்றாகவும், ஓர் ஆண் பாத்திரம் பொய் சொன்னால் அது அந்த ஒருவனின் குற்றமாகவும் கொள்ளப்படும் பழக்கம் அந்த விமரிசனத்தின் வழியே நிலைபெற்று, இன்றைய வினாத்தாள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இப்பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை அறிய, இரண்டு புதினங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே போதும். காலின்ஸின் ‘வெள்ளுடைப் பெண்’ 1859 நவம்பரில் தொடங்கி 1860 ஆகஸ்டுவரை டிக்கன்ஸின் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் தொடராக வந்தது. அதில் சர் பெர்சிவல் கிளைடும் கவுண்ட் ஃபோஸ்கோவும், லாரா இறந்தால் கணவனுக்குச் சேரவிருக்கும் 20,000 பவுனுக்காக, அவளைப் போன்ற முகச்சாயல் கொண்ட ஏழைப்பெண் ஆன் கேதரிக் இறந்ததும் அவளை லாராவின் பெயரில் அடக்கம் செய்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை ஆனின் பெயரில் மனநோய் விடுதியில் அடைக்கின்றனர். இரண்டாண்டுக்குப் பின் வந்த பிராடனின் கதையில் நாயகி தானே தனக்கு ஒரு சாவைச் செய்துகொள்கிறாள். கணவன் திரும்பி வருகிறான் என்று நாளிதழில் கண்டதும், காசநோயால் இறந்துகொண்டிருக்கும் மட்டில்டா பிளௌசன் என்னும் ஏழைப்பெண்ணை வைட் தீவின் வென்ட்னர் ஊருக்குக் கொண்டுபோய், அவளைத் தன் பழைய பெயரில் சாகவும் அடக்கம் ஆகவும் வைத்து, ‘தி டைம்ஸ்’ நாளிதழில் மரண அறிவிப்பும் வரச் செய்கிறாள். சூழ்ச்சி ஒன்றுதான்: ஓர் ஏழைப்பெண்ணின் சவம், ஒரு கல்லறை எழுத்து, ஒரு பெயர் மாற்றம். முதற்கதையில் அதை ஆண்கள் ஒரு பெண்ணின் சொத்துக்காகச் செய்கின்றனர். இரண்டாவதில் ஒரு பெண் தன் வாழ்வுக்காகச் செய்கிறாள். ஃபோஸ்கோவை வாசகர்கள் வியந்து நினைவில் கொண்டனர், புதினமும் அவனுக்குத் தன் கதையைத் தானே எழுதும் இடத்தை அளித்தது. லேடி ஆட்லிக்கோ மருத்துவர் அழைக்கப்பட்டார்.

அப்பெண்ணின் முந்தைய நிலையைச் சட்டத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ள ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியின் மகளான ஹெலன் மால்டன், ஜார்ஜ் டால்பாய்ஸ் என்னும் படைவீரனை மணக்கிறாள். அவனுடைய தந்தை உதவியை நிறுத்திவிட, கைப்பணம் கரைந்ததும், அவன் ஓர் இரவில் உறங்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு, ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்துவிட்டு, தங்கம் தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறான். மூன்றரை ஆண்டுகள் அவனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. அவள் குழந்தையைத் தந்தையிடம் விட்டுவிட்டு, லூசி கிரஹாம் என்னும் பெயரில் கவர்னஸ் ஆகிறாள். கவர்னஸ் என்பவர் செல்வர் வீட்டில் தங்கி அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, பணிப்பெண்ணுக்கு மேலும் குடும்பத்தாருக்குக் கீழுமாக நிற்பவர். கதையின் நிகழ்ச்சிகள் தொடங்கும் 1857 ஆகஸ்டில்தான் மணமுறிவை நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கொண்டுவந்த சட்டம் அரசியின் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பு முழுமையான மணமுறிவு வேண்டுவோர் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, அது பெரும் பணக்காரருக்கே இயலும் செயல். புதிய சட்டத்திலும் மனைவியின் பிறழ்நடத்தை ஒன்றே கணவனுக்குப் போதும். கணவனின் பிறழ்நடத்தையோடு கொடுமை, இருமணம் அல்லது இரண்டாண்டுக் கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் மனைவி மெய்ப்பிக்க வேண்டும். கைவிட்டுப் போனான் என்பது மட்டும் மறுமணத்துக்கு வழிவிடாது. ஏழாண்டுகள் தொடர்ந்து செய்தியே இல்லாத துணையை விட்டு மறுமணம் செய்தவரை மட்டுமே இருமணக் குற்றத்திலிருந்து சட்டம் விலக்கியது. ஹெலனுக்குச் சட்டம் சொன்ன வழி, இன்னும் மூன்றரை ஆண்டுகள் காத்திரு என்பதாகும்.

இருமணம் எனும் குற்றத்தை இப்படி ஆண்டுக் கணக்கோடு பார்க்கும்போது, அவள் சர் மைக்கேல் ஆட்லியிடம் பேசும் காட்சியின் கனம் புலப்படுகிறது. வயது 55-ஐக் கடந்த அச்செல்வர் தன்னை மணக்குமாறு கேட்கையில், அவள் அவர் காலடியில் மண்டியிட்டு, பிறந்ததிலிருந்து வறுமையைத் தவிர வேறொன்றும் அறியாத தன்னிடம் பயன் கருதாத அன்பை எதிர்பார்க்க வேண்டாம் என்று கதறுகிறாள். ஏமாற்றுக்காரி என்று நூல் முழுதும் பெயரெடுத்தவள், தன் வாழ்வின் மிகப்பெரிய பேரத்தில் விலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். சர் மைக்கேல் அதைக் கேட்டும் மணக்கிறார். அவள் கறுப்பு நாடாவில் கோத்து மறைத்துவைத்திருந்த முதல் மணத்தின் மோதிரத்தை மட்டுமே அவர் அறியார். அவளுடைய மனத்தை அறியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வகுப்பில் இக்காட்சியை வாய்விட்டுப் படிக்கச் செய்தாலே, வஞ்சகி என்னும் ஒற்றைச் சொல் இப்பாத்திரத்துக்கு எவ்வளவு சிறிய சட்டை என்பது விளங்கிவிடும்.

அவள் பிடிபடும் விதமும் நெருங்கிப் பார்க்கத் தக்கது. முதற்கணவன் ஜார்ஜின் நண்பனும் சர் மைக்கேலின் சகோதரர் மகனுமான இராபர்ட் ஆட்லி, வழக்கறிஞர் பட்டம் பெற்றும் வழக்கே நடத்தாமல் பிரெஞ்சுப் புதினம் படித்துக்கொண்டிருந்தவன், திரும்பி வந்த அந்த நண்பன் காணாமற்போனதும் துப்பறியத் தொடங்குகிறான். அவள் முன்பு வேலை பார்த்த பள்ளியில் விட்டுச்சென்ற தொப்பிப் பெட்டி ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. அதன்மேல் இரயில் பயணச் சீட்டுகளும் முகவரிச் சீட்டுகளும் ஒட்டியும் உரிந்தும் கிடக்கின்றன. மிஸ் கிரஹாம் என்று எழுதிய சீட்டின் அடியில் வேறொரு சீட்டு இருப்பதைக் கண்டு, மேற்சீட்டைக் கிழியாமல் பிரித்தெடுத்தால், அடியிலிருப்பது மிஸஸ் ஜார்ஜ் டால்பாய்ஸ். கொலைக்கருவியோ குருதிக்கறையோ தேவைப்படாமல், பசையால் ஒட்டிய இரண்டு துண்டுக் காகிதங்கள் ஒரு வாழ்க்கையைக் கவிழ்த்துவிடுகின்றன. திருமணமான ஆங்கிலப் பெண் ஒவ்வொருத்தியின் பெட்டியிலும் இவ்வாறு ஒரு பெயர்மேல் மற்றொரு பெயர் ஒட்டப்பட்டே இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்: மனைவியின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் அடங்கிவிடும் என்னும் பொதுச்சட்டக் கோட்பாட்டின்படி, மணநாளில் அவளுடைய பெயரோடு சொத்தும் சம்பாத்தியமும் பெரும்பாலும் கணவன் கைக்கு மாறின. அந்நிலை 1870-இலும் 1882-இலும் வந்த திருமணமான பெண்களின் சொத்துச் சட்டங்களால்தான் படிப்படியாக மாறியது.

மருத்துவர் மாஸ்கிரேவ் வரும் இயலே நூலின் நடுநாயகம். குடும்ப மானம் கருதி இராபர்ட் இலண்டனிலிருந்து அவரை வரவழைக்கிறான். அவள் செய்தவற்றையெல்லாம் கேட்ட மருத்துவர், வறுமையிலிருந்து தப்பியதும் மணம் செய்ததும் திட்டமிட்டு மறைத்ததும் பைத்தியத்தின் அடையாளங்கள் ஆகா என்றே முதலில் சொல்கிறார். பின்னர் ஜார்ஜ் மறைந்துபோன செய்தியையும் கேட்டு, அவளைத் தனியே சந்தித்த பிறகும் மனநோய் என்று உறுதியாகச் சொல்லாமல், அவள் ஆபத்தானவள் என்னும் முடிவுக்கு வருகிறார். அடைத்துவைக்கப் பரிந்துரைக் கடிதம் பிறப்பது நோயிலிருந்தன்று, ஆபத்து என்னும் சொல்லிலிருந்து. வழக்கு இல்லை, நடுவர் குழு இல்லை, செய்தித்தாள் இல்லை. அவள் பெல்ஜியத்தின் ஒரு கற்பனை நகரத்து விடுதிக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே அவளை இராபர்ட் அறிமுகப்படுத்தும் பெயர் மேடம் டெய்லர். அதாவது, பொய்ப்பெயர் சூடிய குற்றத்துக்காக ஒரு பெண்ணைத் துரத்திவந்த கதைத்தலைவனே, இறுதியில் அவளுக்கு ஒரு பொய்ப்பெயரைச் சூட்டி, அப்பெயரிலேயே சாகவிடுகிறான். பிராடன் இதைக் கவனியாமல் எழுதியிருக்க முடியாது. விமரிசகர் எலேன் ஷோவால்டர் 1977-இல், இந்நாயகியின் உண்மையான இரகசியம் அவளுக்குப் பைத்தியம் இல்லை என்பதே என்று எழுதியது பெரிதும் பேசப்பட்டது. அக்கருத்தை ஏற்பவர்கள்கூட மேடம் டெய்லர் என்னும் பெயரில் நின்று நிதானிப்பதில்லை.

தொல்லை தரும் பெண்ணை மனநோய் விடுதியில் அடைப்பது வெறும் கதைத்தந்திரம் என்று எண்ணுவோர் 1858-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நினைக்க வேண்டும். நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர் லிட்டன், தம்மைப் பிரிந்து வாழ்ந்து பொதுமேடையில் தம்மைச் சாடிய மனைவி ரோசினாவை மருத்துவச் சான்றிதழ்களின் துணையோடு மனநோய் விடுதியில் சேர்ப்பித்தார். நாளிதழ்களில் கண்டனம் எழுந்ததால் சில வாரங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அப்பெண்ணிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. உரக்கப் பேசியதே அவர் செய்தது.

சட்டமே பெண்ணின் பெயரைப் பறித்துவிடும் நிலையைக் காலின்ஸ் ‘பெயரில்லை’ என்னும் புதினத்தில் எழுதினார். 1862-63-இல் தொடராக வந்த அக்கதையில், மேக்டலன் வான்ஸ்டோனின் பெற்றோர் தம் வாழ்வின் பிற்பகுதியில்தான் சட்டப்படி மணக்கின்றனர். தந்தையின் முதல் மனைவி அதுவரை உயிரோடிருந்ததே காரணம். ஆங்கிலச் சட்டத்தில் திருமணம் முன்பு எழுதிய உயிலைச் செல்லாததாக்கிவிடும், பெற்றோர் பின்னர் மணந்தாலும் முன்பே பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகள் ஆகார். புதிய உயில் எழுத வழக்கறிஞரை அழைத்த நிலையில் தந்தை இரயில் விபத்தில் இறக்க, ஏறத்தாழ 80,000 பவுன் சொத்து பெரியப்பாவுக்குப் போகிறது. மகள்கள் யாருடைய பிள்ளைகளும் அல்லர் என்று ஆகிறது. மேக்டலன் வேடம் புனைந்து, வேறு பெயரில், பெரியப்பாவுக்குப் பின் அந்தச் சொத்தைப் பெற்ற நோயாளி உறவினனையே மணந்து அதை மீட்க முனைகிறாள். அவளை மடக்குபவளும் ஒரு பெண்: வீட்டு நிர்வாகி திருமதி லெகவுன்ட். மேக்டலன் முதியவளாக வேடமிட்டு வந்த நாளில், பின்னால் மண்டியிட்டு, அவள் ஆடையின் மடிப்பிலிருந்து ஒரு சிறு துண்டைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, பின்னாளில் அதே ஆடையில் அந்த இடைவெளியோடு பொருத்திக் காட்டுகிறாள். ஒரே சொத்தைச் சுற்றி, சட்டம் விட்டுவைத்த இடுக்குகளில் இரண்டு பெண்கள் நடத்தும் இந்தப் போரில் சொத்துக்கு உரியவன் பெரும்பாலும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மேக்டலன் கடைசியில் ஒரு காய்ச்சலோடு மன்னிக்கப்பட்டு நல்வாழ்வு பெற்றதை ஆலிஃபண்டால் பொறுக்க முடியவில்லை; தண்டனை போதாது என்பது அவர் முறையீடு. பெற்றோர் எழுதாமல் விட்ட ஒரு தாளுக்காக அவள் ஏற்கெனவே பெற்றிருந்த தண்டனை அவர் கணக்கில் வரவில்லை.

காலின்ஸ் ‘ஆர்மடேல்’ புதினத்தில் இன்னும் ஆழம் போனார். 1864 முதல் 1866 வரை ‘கார்ன்ஹில்’ இதழில் வந்த அக்கதையின் லிடியா குவில்ட், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தபோதே தன் எசமானிக்காகக் கடிதம் புனைந்து பழகியவள். செம்முடியும் கூரிய அறிவும் நஞ்சேறிய நினைவுகளும் உடையவள். கணவனை நஞ்சிட்டுக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, நாளிதழ்க் கிளர்ச்சியால் மன்னிக்கப்பட்டு, வேறொரு சிறு குற்றத்துக்காகச் சிறை சென்ற அவளுடைய கடந்தகாலம், 1859-இல் கொலைத்தண்டனையிலிருந்து மன்னிக்கப்பட்டு, பின்னர் இருமணக் குற்றத்துக்குச் சிறை சென்ற தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்னும் மருத்துவரின் வரலாற்றை ஒத்திருக்கிறது. ஆணின் வழக்கு பெண்ணின் பாத்திரமாக மாறியது. ஆனால் அவளுடைய பெருந்திட்டத்தில் கள்ளக் கையெழுத்துக்கு இடமே இல்லை. மிட்வின்டர் என்று அறியப்படும் ஏழையின் உண்மைப் பெயர் ஆலன் ஆர்மடேல். அதே பெயருடைய செல்வன் இன்னொருவன். ஏழையை அவனுடைய உண்மைப் பெயரில் மணந்துகொண்டால், செல்வன் இறந்தபின் அவனுடைய விதவையாகத் தோன்றுவதற்கு வேண்டிய மணப்பதிவு, ஓர் எழுத்தும் பொய்யில்லாமல் கையில் இருக்கும். இதை ‘வெள்ளுடைப் பெண்’ணின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்: அங்கே சர் பெர்சிவல், பெற்றோர் மணக்காததால் தனக்கு உரிமையில்லாத பட்டத்தைப் பெற, தேவாலயப் பதிவேட்டில் பக்கத்தின் அடியிலிருந்த குறுகிய வெற்றிடத்தில் அவர்களுடைய திருமணத்தைத் திணித்து எழுதியிருந்தான், வேறிடத்தில் இருந்த நகலில் அவ்விடம் வெறுமையாக இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. மேக்டலனை வாரிசு அல்லாதவளாக்கிய அதே சட்டக்குறை பெர்சிவலுக்கும் இருந்தது. அவன் ஆண் என்பதால் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்துப் பட்டமும் மாளிகையும் அடைந்தான். அவளோ ஒரு நோயாளியின் படுக்கையைச் சேர வேண்டியிருந்தது.

எலன் வுட்டின் ‘ஈஸ்ட் லின்’ (1861) இவ்வரிசையில் வேறுவகை. கணவனை விட்டு ஓடிப்போன இசபெல், இரயில் விபத்தில் முகம் சிதைந்து, நிறக்கண்ணாடியும் பொய்ப்பெயரும் அணிந்து, தன் பிள்ளைகளுக்கே கவர்னஸாகத் திரும்பி வருகிறாள். அந்த ஏமாற்றால் அவளுக்குக் கிடைப்பது, இறந்துகொண்டிருக்கும் மகனின் அருகில் தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருக்கும் உரிமை மட்டுமே. ஏமாற்றுதல் என்றாலே ஆதாயம் என்று எடுத்துக்கொள்ளும் வாசிப்பு இங்கே உடைந்துவிடுகிறது.

இப்பெண்களைக் குற்றமற்றவர்களாக்குவது இம்மடலின் எண்ணமன்று. லேடி ஆட்லி முதற்கணவனைக் கிணற்றில் தள்ளினாள், ஆட்கள் உறங்கும் விடுதிக்குத் தீ வைத்தாள். லிடியா நச்சுக்காற்று நிரப்பிய அறையில் ஓர் அப்பாவியைக் கொல்ல முயன்று, அறை மாறிப் படுத்திருந்த தன் கணவனைக் கடைசி நேரத்தில் இழுத்துப் போட்டுவிட்டுத் தானே அந்த அறைக்குள் போனாள். இவற்றைச் சட்டக்குறை என்று சொல்லி மூடக்கூடாது. குறிப்பாக, மட்டில்டா பிளௌசனை மறக்கக்கூடாது. பணத்துக்காகத் தாயின் இசைவோடு பெயர் பறிக்கப்பட்டு, மற்றொருத்தியின் எழுத்துகளின்கீழ் புதைக்கப்பட்ட அந்த ஏழைப்பெண்தான் நாயகியின் பொய்க்கு முதல் விலை. ‘வெள்ளுடைப் பெண்’ணில் ஆன் கேதரிக்குக் கல்லறையில் தன் பெயர் திரும்பக் கிடைக்கிறது. மட்டில்டாவைப் பற்றி விமரிசனங்களும் வகுப்புக் குறிப்புகளும் பெரும்பாலும் பேசுவதே இல்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்காக இரங்குவோரும் கைவிட்டவனுக்காக வாதிடுவோரும் ஒருங்கே கடந்துபோகும் பெயர் அது.

பிராடனின் சொந்த வாழ்வையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்வது தகும். குடும்பத்தைக் காப்பாற்ற இளம்வயதில் மேரி செய்ட்டன் என்னும் பெயரில் மேடைநடிகையாக இருந்த அவர், பின்னர் பதிப்பாளர் ஜான் மேக்ஸ்வெல்லோடு வாழ்ந்தார். மேக்ஸ்வெல்லின் மனைவி உயிரோடிருந்தார். 1864-இல் தமக்கும் பிராடனுக்கும் திருமணம் நடந்ததுபோல் மேக்ஸ்வெல் நாளிதழ்களில் அறிவிப்பு வரச்செய்ய, முதல் மனைவியின் உறவினர் அதை மறுத்து எழுதினார். மனைவி இறந்தபின் 1874-இல்தான் இருவரும் மணந்தனர். பொய் அறிவிப்பு ஒன்றை நாளிதழில் வரச்செய்த பெண்ணைப் படைத்த எழுத்தாளர், இரண்டே ஆண்டுகளில், ஓர் ஆண் வெளியிட்ட பொய் அறிவிப்பின் அவமானத்தைச் சுமந்தார்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போருக்கு நடைமுறையான இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ‘லேடி ஆட்லியின் இரகசியம்’ கற்பிக்கப்படும் வாரத்திலேயே ‘வெள்ளுடைப் பெண்’ணின் பதிவேட்டுப் பகுதியையும், 1857-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் வேறுபடும் பிரிவுகளையும் மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தேர்வில், நாயகி பைத்தியமா என்று கேட்பதற்குப் பதிலாக, பெல்ஜிய விடுதியின் வாசலில் இராபர்ட் ஆட்லி அவளுக்கு ஏன் ஒரு புதுப்பெயர் வைத்தான் என்று கேட்க வேண்டும்.